ஜன்னலைப் பார்த்த நாற்காலி

அந்த வீட்டில் யாரும் தொடக்கூடாத பொருள் ஒன்று இருந்தது. பொன்னும் இல்லை, மணியும் இல்லை. சக்கரம் வைத்த, கைப்பிடியில் தோல் உரிந்த, அசைந்தால் முனகுகிற ஒரு சுழல் நாற்காலி. படிப்பறையில் ஜன்னலைப் பார்த்தபடி, அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதில் உட்கார்ந்தவன் இறந்து மாதங்கள் ஓடிவிட்டன. அவன் மனைவி அறையைப் பெருக்கும்போது துடைப்பத்தை நாற்காலியைச் சுற்றித்தான் ஓட்டுவாள். அதன் மேல் ஒரு விரல் படவிடமாட்டாள்.

இருவருக்கும் ஒரே தொழில், வானியல் ஆய்வு. யாரிடமாவது சொன்னால் போதும், "அப்ப எனக்கு எப்பங்க நல்ல நேரம் பொறக்கும்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவன் சளைக்காமல், "உங்களுக்கா? ஒரு இருநூறு கோடி வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க" என்பான். பேச்சிலேயே ஆளைக் கவிழ்த்துவிடுகிறவன். ஆனால் கோபம் வந்தால் பேச்சே கிடையாது. அதுதான் கொடுமை. கத்துகிற புருஷனோடு குப்பை கொட்டிவிடலாம், திருப்பி நாமும் நாலு கத்து கத்தலாம். இவன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வான். அவ்வளவுதான், கடை சாத்தியாயிற்று. கூப்பிட்டால் பதில் வராது. தேநீர் வைத்தால் ஆறிப்போகும்.

கோபம் தீர்ந்தால் அதற்கும் ஓர் அறிவிப்பு கிடையாது. அவளுடைய மேஜை உள்சுவரை ஒட்டி இருந்தது. அவள் திரையைப் பார்த்து வேலை செய்துகொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் கிறீச்சென்று ஒரு முனகல் கேட்கும். திரும்பினால் நாற்காலி அவளைப் பார்த்தபடி இருக்கும். அதில் அவன் ஒன்றுமே நடக்காதவன்போல, "மதியத்துக்கு என்ன?" என்பான். இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த முனகல்தான் அவர்களுடைய சமாதான உடன்படிக்கை.

கடைசியாக அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்ட நாளில் அந்த முனகல் கேட்கவே இல்லை.

சண்டை வானத்தைப் பற்றியது. விண்மீன் மண்டலங்கள் ஆகாயத்தில் இறைத்த அரிசிபோலச் சிதறிக் கிடப்பதில்லை. கோத்த மணிகள்போல நீண்ட நீண்ட இழைகளில் நிற்கின்றன. ஒளியே ஒரு முனையிலிருந்து மறுமுனை போகக் கோடி வருடங்கள் ஆகிற நீளம். அந்த இழைகள் கயிறு முறுக்குவதுபோலத் தங்கள் அச்சில் சுற்றுகின்றனவா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. சுற்றினால், இழையின் ஒரு ஓரத்து மண்டலங்கள் நம்மைவிட்டு விலகும், மறு ஓரத்தவை நெருங்கும். விலகுவதன் ஒளி கொஞ்சம் சிவக்கும், நெருங்குவதன் ஒளி கொஞ்சம் நீலம் பாயும். சிவப்பு எந்தப் பக்கம், நீலம் எந்தப் பக்கம் என்று பார்த்தால் விடை வந்துவிடும். சொல்லத்தான் சுலபம். ஓர் இழையில் அந்த வித்தியாசம் இருந்த இடம் தெரியாது. அதனால் நூற்றுக்கணக்கான இழைகளை நேராக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். அடுக்கியதும் பளிச்சென்று தெரிந்தது. இழைகள் சுற்றுகின்றன! கட்டுரை போயிற்று, பாராட்டு வந்தது, துறைத்தலைவர் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். மனிதர் அதற்கு முன்பும் பின்பும் யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்ததாகச் செய்தி இல்லை.

அவர்கள் இருவருக்கும் ஒரு விதி உண்டு. அதை உண்டாக்கியவன் அவன்தான். கண்ணாடி வைக்காமல் எதையும் நம்பக்கூடாது. அதாவது, வானத்தின் படத்தை இடம் வலமாகப் புரட்டி, கண்ணாடியில் பார்த்ததுபோல ஆக்கி, அதே கணக்கை மறுபடி போடவேண்டும். சுழற்சி நிஜமாக வானத்தில் இருந்தால், புரட்டிய படத்தில் அது எதிர்ப்பக்கம் சுற்றும். புரட்டிய பிறகும் அதே பக்கமே சுற்றினால், சுற்றுவது வானம் இல்லை, பார்க்கிறவன். விதியைப் போட்டவனே அவசரத்தில் அந்த முறை அதைச் செய்யாமல் விட்டிருந்தான். அவள்தான் பிறகு ஒரு நாள் சும்மா இருக்கமாட்டாமல் செய்து பார்த்தாள். புரட்டிய வானமும் அதே பக்கம் சுற்றியது.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அடுக்கும்போது ஒன்றையொன்று அழித்துவிடக்கூடாதே என்று, ஒவ்வோர் இழையையும் அதன் சிவந்த ஓரம் வலப்பக்கம் வரும்படி திருப்பி வைத்திருந்தான் அவன். ஊர் ஜனங்களை வரிசையாக நிறுத்தி, யார் யாருக்கு எந்தத் தோள் துளி உயரமோ அந்தத் தோள் நமக்கு வலப்பக்கம் வரும்படி ஒவ்வொருவரையும் முன்னே பின்னே திருப்பி நிற்கவைத்துவிட்டு, பிறகு தள்ளி நின்று பார்த்து, "ஆகா, எல்லோருக்கும் ஒரே பக்கம் உயரமாக இருக்கிறதே" என்று வியந்தால் எப்படி? அப்படித்தான். கற்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

"எல்லாம் போச்சு" என்றாள் அவள்.

"எல்லாம் போகல. வடம் இருக்கு" என்றான் அவன்.

வடம் என்பது அவர்கள் இழைகளிலேயே மிக நீளமான, மிகத் தடித்த ஒன்றுக்கு அவன் வைத்த செல்லப்பெயர். அதற்கு அடுக்கல் தேவையில்லை, தன்னந்தனியாகவே சோதிக்கலாம். அதற்கான புதிய அளவுகள் தொலைநோக்கியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தன. பிரபஞ்சம் பிறந்ததிலிருந்து வடம் இன்னும் ஒரு சுற்றுகூட முடித்திருக்காது என்பான் அவன். அதன் மறுபக்கத்தை யாரும் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை என்பான். ஏதோ சொந்தக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு வாஞ்சையாகச் சொல்வான்.

"அது சுத்துது. எனக்குத் தெரியும். அத மட்டும் தனியாப் போட்டுப் பாரு."

"உனக்குத் தெரியும்னா போதுமா? இதயும் அப்படித்தான் தெரியும்னு சொன்ன. உனக்கு ஆசை, அதனால சுத்துது."

அவன் முகம் விழுந்துவிட்டது. நாற்காலி முனகியது. ஜன்னல் பக்கம் திரும்பியது.

அவளும் விடுகிற ஆள் இல்லை. மேஜைக்குத் திரும்பிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தேநீர் போட்டு, அவன் பக்கத்து ஜன்னல் திட்டில் வைத்து, "கோவம் போனா குடி" என்றாள். பிறகு உட்கார்ந்து வேலை பார்த்தபடியே அவன் முதுகோடு பேசினாள். மாடி வீட்டுக் குழாய் ஒழுகுவதைச் சொன்னாள். துறைத்தலைவரிடம் யார் போய்ச் சொல்வது என்று கேட்டாள். "சரி, நானே சொல்றேன். நீ உன் ஜன்னலக் கட்டிக்கிட்டு அழு" என்றாள். அப்புறம் கொஞ்சம் இறங்கிவந்து, "சாயங்காலம் வெளிய போலாமா?" என்றும் கேட்டாள். தேநீரில் ஆடை படிந்திருந்ததைப் பார்த்துத்தான் எழுந்து அவன் தோளைத் தொட்டாள். தோள் குளிர்ந்திருந்தது.

இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வலியே தெரிந்திருக்காது என்றார்கள். அவள் கேட்க விரும்பிய கேள்வி அது இல்லை. கோபம் தீர்ந்த பிறகு போனானா, கோபத்தோடே போனானா? அதை எந்த டாக்டரிடம் கேட்பது? நாற்காலி அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அவள் அதை அப்படியே விட்டாள்.

வடத்தின் அளவுகளையும் அப்படியே விட்டாள். ஒரு காலை நேர வேலைதான். ஆனால் வடம் சுற்றவில்லை என்று வந்தால் அவன் கடைசியாகச் சொன்ன வார்த்தை பொய். சுற்றுகிறது என்று வந்தால் அவனுடைய கடைசிக் கோபம் நியாயம். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி அவளுக்குத்தான். தவறை அவளே சொல்லக் கேட்டிருந்த துறைத்தலைவர் வாரம் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு, "கட்டுரைய வாபஸ் வாங்கறதா, திருத்தறதா, ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்கம்மா. அவசரம் இல்ல. ஆனா சீக்கிரம் சொல்லுங்க" என்பார். பார்க்கிறேன் சார் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள்.

தலைசுற்றல் அதன் பிறகுதான் தொடங்கியது. படுக்கையறையில் தூக்கம் வராமல் படிப்பறையிலேயே ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காலையில் இடப்பக்கம் புரண்டு படுத்தாள். அறை நகர்ந்தது. ஜன்னல், மேஜை, சுவர் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டன. ஒரு வெட்டு வெட்டிப் பழைய இடத்துக்கு வந்தன. மறுபடி இழுபட்டன. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். வயிறு புரட்டியது. கண்ணை மூடப்போனவள் மூடவில்லை. நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான்.

முதுகுதான் தெரிந்தது. அந்தச் சாம்பல் நிறச் சட்டை, கழுத்துக்குப் பின்னால் எப்போதும் மடங்கியே நிற்கிற காலர். எல்லாம் இழுபடும்போது நாற்காலி மட்டும் கூடுதலாக, மெல்ல, அவள் பக்கம் திரும்பத் தொடங்கியது. கால்வாசிகூடத் திரும்பவில்லை. அதற்குள் சுழற்சி அடங்கிவிட்டது. அறை நின்றது. நாற்காலி காலியாக ஜன்னலைப் பார்த்து நின்றது.

அவள் பயப்படவில்லை என்று சொன்னால் அது புளுகு. பற்கள் தாளம் போட்டன. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவள் என்ன செய்தாள் என்றால், எழுந்து உட்கார்ந்து, மறுபடி இடப்பக்கம் சாய்ந்தாள்.

அன்றிலிருந்து அது அவளுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. இடப்பக்கம் சாய்ந்தால் சுழற்சி வரும், சுழற்சியோடு அவன் வருவான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாகத் திரும்பினான். முதலில் காது விளிம்பு. இன்னொரு நாள் முழுக் காது. பிறகு தாடியின் ஓரம், நரைத்த இடம். முகம் தெரியும்வரை நாற்காலி திரும்பிவிட்டால் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். அதுவரை சுழற்சி நீடிக்கவேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. குமட்டலை விழுங்கிக்கொண்டு, கட்டில் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து கிடப்பாள். "இன்னும் கொஞ்சம்" என்பாள். "இன்னும் கொஞ்சம் திரும்பு."

அவன் தங்கையை வீட்டில் எல்லோரும் குட்டி என்று கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டிய குட்டி. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவள். எலும்பு முறிந்து வருகிறவர்களை அதட்டி உருட்டி நடக்கவைத்துப் பழகிய கை, வாய் அதற்குமேல். அண்ணி குளியலறையில் விழுந்து நெற்றியில் புடைப்போடு நிற்பதைப் பார்த்ததும் விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"இடது பக்கம் படுத்தாச் சுத்துதா? கொஞ்ச நேரத்துல நின்னுடுதா?" என்று கேட்டாள். "இது ஒண்ணுமே இல்ல அண்ணி. காதுக்குள்ள பொடிக் கல்லு மாதிரி இருக்கும், அது எடம் மாறிப் போயிருக்கு. தலையச் சாச்சா அது உருளும், மூளை உடம்பே சுத்துதுன்னு நெனச்சுக்கும். நான் தலையப் பிடிச்சு நாலு திருப்புத் திருப்பினா கல்லு வீட்டுக்குப் போயிடும். வாங்க, படுங்க."

"இப்ப வேணாம்."

"ஏன், நல்ல நாள் பாக்கணுமா?"

"வேணாம்னா விடு குட்டி."

குட்டி விடவில்லை. அடுத்த வாரம் வந்து கேட்டாள், அதற்கடுத்த வாரமும் கேட்டாள். அண்ணி கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டாள், கூட்டத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஆளும் பாதியாகிவிட்டாள். கடைசியில் ஒரு மாலை குட்டி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "காரணத்தச் சொல்லுங்க. சொல்லாம நான் உள்ள வரமாட்டேன். தெருவுல நின்னு கத்துவேன். உங்களுக்குத் தெரியும், நான் செய்வேன்" என்றாள்.

அவள் செய்வாள். அதனால் அண்ணி சொன்னாள். நாற்காலி, முதுகு, காது, தாடியின் ஓரம், எல்லாம் சொன்னாள்.

குட்டி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். குட்டி சிரிக்கவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"எனக்கு ஒரு தடவகூட வரல அண்ணி. கனவுலகூட வரல. உங்களுக்கு முதுகயாவது காட்டினான்."

"இன்னும் கொஞ்சம் திரும்பினா முகம் தெரிஞ்சிடும் குட்டி. அதான்."

"நெசமாவே அவன்தானா?"

அவள் உள்ளே படிப்பறைப் பக்கம் பார்த்தாள்.

குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதயே நீங்க அண்ணன்கிட்டச் சொல்லியிருந்தா அவன் என்ன கேட்டிருப்பான்?"

என்ன கேட்டிருப்பான் என்று இருவருக்கும் தெரியும். வீட்டில் உப்புக் குறைகிறது என்று யாராவது சொன்னால்கூட அவன் அதைத்தான் கேட்பான். கண்ணாடி வச்சியா?

குட்டி போன பிறகு அவள் படிப்பறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை? தோன்றாமல் இல்லை. தோன்றவிடவில்லை. வடத்தைத் தொடாமல் வைத்திருந்தது போலத்தான் இதையும் வைத்திருந்தாள்.

படுக்கையறை அலமாரியின் ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி, தரையில் தேய்க்காமல் தூக்கி வந்து, ஜன்னலுக்குக் கீழே, நாற்காலிக்கு நேர் எதிரே சாய்த்து நிறுத்தினாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குள் நாற்காலியின் முன்பக்கம் தெரிந்தது. காலி இருக்கை, தோல் உரிந்த இரண்டு கைப்பிடிகள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் பிள்ளைகள் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

சோதனை இதுதான். அவன் நிஜமாகவே வருகிறான் என்றால், இங்கே நாற்காலி எந்தப் பக்கம் திரும்புகிறதோ, கண்ணாடிக்குள் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பவேண்டும். அதோடு, இங்கே முதுகு தெரியும்போது அங்கே முகம் தெரிந்தே ஆகவேண்டும். முகம்! அது நினைவுக்கு வந்ததும் எழுந்து போய் முகம் கழுவினாள். தலையை வாரிக்கொண்டாள். வீட்டுக்கு விருந்தாளி வருவதுபோல வேறு உடை உடுத்திக்கொண்டு வந்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடி இடப்பக்கம் சாய்ந்தாள்.

அறை இழுபட்டது. நாற்காலியில் சாம்பல் நிறச் சட்டை வந்தது. மடங்கிய காலர் வந்தது. நாற்காலி மெல்லத் திரும்பியது.

கண்ணாடிக்குள்ளும் சாம்பல் நிறச் சட்டை. மடங்கிய காலர். முதுகு. அங்கேயும் முதுகுதான். அதுவும் அதே பக்கம், அதே நிதானத்தில் திரும்பியது. முன்னால் ஒருவன், கண்ணாடிக்குள் ஒருவன். இரண்டு பேரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றுபோலத் திரும்பி, ஒன்றுபோல நின்றார்கள். முகம் என்ற ஒன்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

அறை அடங்கிய பிறகு அவள் வாய்விட்டு அழுதாள். அவன் செத்த நாளில்கூட அப்படி அழவில்லை. அன்றைக்குச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், செய்யவேண்டிய காரியங்கள் இருந்தன. இப்போது ஒன்றும் இல்லை. சுற்றுவது அறை இல்லை, நாற்காலி இல்லை, அவன் இல்லை. பார்க்கிறவள். அவளுக்குத் தெரிந்த கடைசி அவன் ஒரு முதுகு. அந்த முதுகைத்தான் அவள் கண் எங்கே பார்த்தாலும் கொண்டுபோய் வைக்கிறது. சிவந்த ஓரத்தையெல்லாம் வலப்பக்கம் திருப்பி வைத்தவனைத் திட்டினாளே, அவளும் அதைத்தான் செய்திருக்கிறாள்.

போனை எடுத்து, "குட்டி, வந்து கல்லு என்னமோ சொன்னியே, அதப் பண்ணிடு" என்றாள். குட்டி பாதி வழியில்தான் இருந்தாள். திரும்பி வந்தாள்.

கண்ணாடியைப் பார்த்ததும் குட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கட்டிலில் உட்காரவைத்து, இரண்டு கையாலும் அண்ணியின் தலையைத் தேங்காய் மாதிரிப் பிடித்து இடப்பக்கம் திருப்பினாள். "இப்ப வேகமாச் சாய்ப்பேன். சுத்தும். கண்ண மூடாதீங்க, நான் உங்க கண்ணத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்று சொல்லிச் சாய்த்தாள்.

சுற்றியது. இதுவரை சுற்றியதெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரிச் சுற்றியது.

"ஓடுது ஓடுது. உங்க கண்ணுதான் அண்ணி ஓடுது, ரூம் இல்ல. அப்படியே இருங்க." குட்டியின் குரல் சட்டென்று இறங்கியது. "இருக்கானா?"

"இருக்கான்."

"எப்படி இருக்கான்?"

"முதுகுதான். தாடி கொஞ்சம் தெரியுது."

குட்டி அண்ணியின் தலையை விடாமல், காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினாள். "டேய் அண்ணா! திரும்பேன்டா! செத்த பிறகும் என்னடா வீம்பு உனக்கு!"

அவன் திரும்பவில்லை. குட்டி கண்ணீரோடு தலையை வலப்பக்கம் திருப்பினாள். சுழற்சி ஒரு குதி குதித்தது. நாற்காலி பார்வையிலிருந்து போய்விட்டது, சுவர் வந்தது. உடம்போடு இன்னும் புரட்டினாள், தரை வந்தது. பிறகு தூக்கி உட்காரவைத்தாள். அறை அறையாக நின்றது. மறுபடி இடப்பக்கம் சாய்த்துச் சோதித்தாள். ஒன்றும் அசையவில்லை. ஜன்னல் ஜன்னலாக இருந்தது, நாற்காலி காலியாக இருந்தது.

"போயிட்டானா?" என்று கேட்டாள் குட்டி.

"போயிட்டான்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையாகக் கண்ணாடியைத் தூக்கி, வாசலில் இடித்து, "மெதுவா மெதுவா" என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டு, படுக்கையறைக்குக் கொண்டுபோய் அலமாரியில் மாட்டினார்கள். இன்று தலையைத் தாழ்த்தாமல் தூங்கவேண்டும் என்று சொல்லி, தலையணைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டுக் குட்டி போனாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் படுக்கையறையில் தூங்கினாள்.

காலையில் எழுந்ததும் தலை தெளிவாக இருந்தது. தெளிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. வீடு முழுக்க ஒரு வெறிச்சென்ற அமைதி. வெளி வாசலுக்குப் போய்ப் பால் எடுத்து வந்தாள். துறைக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பினாள். தேநீரோடு படிப்பறைக்குள் போய், எங்கேயும் பார்க்காமல் நேரே தன் மேஜையில் உட்கார்ந்து, வடத்தின் அளவுகளைத் திறந்தாள். ஒரு கண்ணாடி வைத்தாயிற்று. இன்னொன்றையும் வைத்துவிடலாம்.

வடத்தை நேராக்கினாள். எந்த ஓரத்தையும் எந்தப் பக்கமும் திருப்பவில்லை. அசல் வானம் ஒன்று, புரட்டிய வானம் ஒன்று, எது எது என்று தனக்கே தெரியாதபடி கணினியிடம் கலைத்துப்போடச் சொன்னாள். கணக்கு முடிந்த பிறகுதான் அது சொல்லும். ஓடவிட்டாள். தேநீர் ஆறியது.

முதல் படத்தில் சிவப்பு இடப்பக்கம் ஒதுங்கியது, நீலம் வலப்பக்கம். மங்கலாக இல்லை, பிழையாக இருக்க வழியே இல்லாத அளவுக்குத் துலக்கமாக. இரண்டாவது படமும் இதையே சொன்னால் முடிந்தது. வடமும் பொய், அவனும் பொய்.

இரண்டாவது படம் வரத் தொடங்கியது. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவப்பு வலப்பக்கம் சேர்ந்தது. நீலம் இடப்பக்கம் போயிற்று.

திரும்பிவிட்டது. கண்ணாடிக்குள் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. அப்படியென்றால் அங்கே, யாரும் பார்க்காவிட்டாலும், யாரும் ஆசைப்படாவிட்டாலும், அந்த மகா பெரிய வடம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் சுற்றையே இன்னும் முடிக்காமல், மறுபக்கத்தைக் காட்டாமல், சுற்றிக்கொண்டிருக்கிறது. அவன் சொன்னது சரி. ஆசையினால் சொல்லவில்லை, தெரிந்துதான் சொன்னான். அவள்தான் அவன் முகத்தில் அடித்ததுபோலப் பேசினாள்.

"நீ சொன்னது சரி" என்று திரையைப் பார்த்து உரக்கச் சொன்னாள். "சரியா? நீ சொன்னதுதான் சரி. சுத்துது."

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாரும் தொடாததால் திரை கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்து கறுத்தது. கறுத்த திரையில் அவள் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம். வெளிச்சத்துக்கு முன்னால் நாற்காலி. அதன் இருக்கை தெரிந்தது. தோல் உரிந்த இரண்டு கைப்பிடிகளும் தெரிந்தன.

தலைசுற்றல் என்றுதான் முதலில் நினைத்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எதுவும் இழுபடவில்லை. பிறகு உடம்பை முழுதாகத் திருப்பிப் பார்த்தாள்.

நாற்காலி அவளைப் பார்த்து நின்றது. காலியாகத்தான் இருந்தது.

அவள் மூளை தன் வேலையைச் செய்யத் தொடங்கியது. நேற்று கண்ணாடியைத் தூக்கும்போது முனை இடித்திருக்கலாம். குட்டி ஓரமாக நகர்த்தியிருக்கலாம், அவளுக்குத்தான் எதையும் கேட்டுச் செய்கிற வழக்கம் கிடையாதே. காலையில் அறைக்குள் வந்தபோதே இப்படி இருந்ததா? அவள்தான் எங்கேயும் பார்க்காமல் வந்து உட்கார்ந்தாளே. முனகல் கேட்டதா? கேட்டதாக நினைவில்லை. கேட்கவில்லை என்றும் சத்தியம் செய்யமுடியாது, தானே அப்போது உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. குட்டி.

"என்ன அண்ணி, சுத்துதா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு அழறீங்க?"

"உங்கண்ணன் சொன்னது சரி குட்டி. வடம் சுத்துது."

குட்டிக்கு வடமும் தெரியாது, இழையும் தெரியாது. "அவன் என்னிக்குத் தப்பாச் சொன்னான்? சொல்ற விதந்தான் அப்படி" என்றாள். பிறகு, "வேற ஏதாவது சொல்லணுமா? குரலே ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

நாற்காலியை நீ திருப்பினாயா என்கிற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்பாள், இல்லை என்பாள், சோதனை முடிந்துவிடும்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "அப்புறம் பேசறேன்."

போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். நாற்காலிக்கு நேராகத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டிக்கு முட்டி படுகிற தூரத்தில் உட்கார்ந்தாள்.

"மதியத்துக்கு இன்னும் ஒண்ணும் பண்ணல" என்றாள் அதனிடம்.